கியூவை முனையிலிருந்து பாருங்கள்: நல்ல ஸ்னூக்கர் கியூ தேர்ந்து, சோதித்து, காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் நான் ஆடுகிற கிளப்புக்குப் போன மாதம் ஒரு பெடியன் புதுக் கியூவோடு, அதாவது ஸ்னூக்கர் பந்தை அடிக்கிற கோலோடு, வந்தான். பெட்டியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அடிப்பக்கத்தில் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மெல்லிய மரக்கீற்றுகள், ஒரு பித்தளைப் பட்டயம், முகம் தெரிகிற பொலிஷ். ஆளுக்காள் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள். எங்கள் மாக்கர் அண்ணை மட்டும் அதை வாங்கித் திருப்பினார். முனையை மூக்குக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணை மூடினார். பிறகு டிப்புக்கு, அதாவது பந்தைத் தொடுகிற தோல் முனைக்கு, கீழே இருக்கிற பித்தளை வளையத்தை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார்.

"வடிவான சாமான் தம்பி," என்றார். "ஆனா அடிக்கிறது இந்தப் பக்கத்தாலதானே?"

மாக்கர் என்றால் கிளப்புக்குப் போகாதவர்களுக்கு விளங்காது. புள்ளி குறிப்பவர், மேசைத் துணியைத் துலக்குபவர், டிப் போடுபவர் எல்லாம் அவர் ஒருவரே. முப்பது வருடமாக எத்தனையோ பேரின் கியூக்கள் அவர் கையால் போய்வந்திருக்கின்றன. இந்த வழிகாட்டியில் பாதி அவரிடம் பார்த்துப் பழகியது, மீதி நான் காசு கொடுத்துப் பட்டது.

நல்ல கியூ என்று ஆட்டக்காரர் சொல்வது ஒரே அடிக்கு ஒரே பதிலைத் தருகிற கியூவை. இன்றைக்கு நீங்கள் வலது சைட் வைத்து, அதாவது பந்தின் நடுவுக்கு வலப்பக்கத்தில், அடித்தால் வெள்ளைப் பந்து எவ்வளவு விலகுகிறதோ, அடுத்த மாதமும் அவ்வளவே விலக வேண்டும். விலகவே கூடாது என்று நினைப்பது பேராசை. எவ்வளவு என்று தெரிந்தால் கண் தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். தெரியாதபோதுதான் சிவப்புப் பந்து பொக்கெட்டின் தாடையில் முட்டி வெளியே வரும். அந்தப் பதிலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முன்பக்கத்து ஒரு அடி நீளம். ஆனால் நாங்கள் கடையில் பார்ப்பது பின்பக்கத்தை.

முதலில் உங்கள் உடம்புக்கு அளவு

கியூ 3 அடிக்குக் குறையக் கூடாது என்பதுதான் ஆட்ட விதி. கடையில் வருவது 57, 58 அங்குலம். கியூவை நிலத்தில் நிமிர்த்தி வையுங்கள். முனை உங்கள் தோளுக்கும் வாய்க்கும் இடையில் நின்றால் போதும். ஆறடிக்கு மேல் உயரமென்றால் இன்னும் ஓரிரு அங்குலம் தேவைப்படலாம்.

நிறை பெரும்பாலும் 17 முதல் 18.5 அவுன்ஸ். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் மாவு நிறுக்கிற சின்னத் தராசொன்றைக் கொண்டுபோங்கள். 480 கிராமுக்கும் 525 கிராமுக்கும் இடையில் காட்டினால் வழக்கமான கியூ. ஆனால் நிறையை விட அது எங்கே கிடக்கிறது என்பதே கையில் உறைக்கும். சுட்டுவிரலில் கியூவைப் படுக்க வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அடிமுனையிலிருந்து அங்குல நாடாவால் அளந்து பாருங்கள். 16 முதல் 18 அங்குலத்துக்குள் வரும். 18ஐத் தாண்டினால் முன்பாரம் கூடி, கியூவைத் தாங்குகிற இடதுகைப் பாலத்தில் அது அழுந்திக் கிடக்கிற மாதிரி இருக்கும். 16க்குக் குறைந்தால் அடிக்கும்போது முனை மேலே எழும்பப் பார்க்கும். ஒரே நிறையுள்ள இரண்டு கியூக்களை அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தால் ஒன்று கனக்கும், மற்றது கனக்காது. அது இந்தப் புள்ளியின் விளையாட்டு.

மரத்தின் ரேகை

கியூவின் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம். சிலது மேப்பிள். ஆஷில் ரேகை திறந்து தெரியும், மேப்பிள் வெண்ணெய் போல் வழுவழுப்பாக இருக்கும். இரண்டில் எது நல்லது என்று கிளப்பில் விடிய விடியக் கதைக்கலாம். என் வாக்கு ஆஷுக்கு. காரணம் சாதாரணமானது: ரேகை தெரிவதால் மரத்தின் குணத்தை வாங்குமுன்னே வாசிக்க முடிகிறது.

ஆஷ் தண்டைச் சுழற்றினால் இரண்டு எதிர்ப்பக்கங்களில் அம்புத்தலை மாதிரி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மற்ற இரண்டு பக்கங்களிலும் நேர்கோடுகள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த நேர்கோடுகளை. அவை அடியிலிருந்து முனைவரை தண்டோடு ஓட வேண்டும். பாதி வழியில் கோடுகள் சரிந்து ஓரத்தால் வெளியேறினால் அந்த மரம் குறுக்காக அறுபட்டிருக்கிறது. இன்றைக்கு நேராக இருக்கும், இரண்டு மழைக்காலம் போனால் வளையும். அம்புத்தலைகள் எத்தனை, எவ்வளவு இடைவெளி என்று சிலர் எண்ணுவார்கள். அவை தண்டின் நடுவில், ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் எனக்குப் போதும்.

அம்புகளை மேலே பார்க்க வைத்து ஆடுவது வழக்கம். மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாது, ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்தை மேலே வைத்தால் ஒரே பதில் வரும். சில கியூக்களில் அடிமுனையை ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள். குனிந்த பிறகு பார்க்காமலே விரலால் தடவித் திசையறிய அது உதவும்.

நேராக இருக்கிறதா?

எல்லாரும் செய்வது மேசையில் உருட்டிப் பார்ப்பது. அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். கியூ அடியில் பருத்து முனையில் ஒடுங்குகிற பொருள். மேசையின் கல்லும் துணியும் எல்லா இடத்திலும் சமமென்று சொல்ல முடியாது. அடியில் தட்டைச் செதுக்கு இருந்தால் நேரான கியூவும் தடக்தடக்கென்று குதிக்கும்.

அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, ஒற்றைக் கண்ணால் முனைவரை நோக்கி, மெல்லச் சுழற்றுங்கள். பிறகு திருப்பி முனையிலிருந்து அடியை நோக்குங்கள். வளைவிருந்தால் சுழற்றும்போது ஒரு பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு வரும். இரண்டாகப் பிரிகிற கியூவென்றால் துண்டு துண்டாகவும் பாருங்கள், பூட்டியும் பாருங்கள். இரண்டு துண்டும் நேராக இருந்து பூட்டினபின் வளைந்தால் பிழை மூட்டில்.

கடுகளவு வளைவு ஆட்டத்தைக் கெடுக்காது. கெடுப்பது வளைவு எங்கே இருக்கிறது என்பது. அடிப்பக்கத்தில் கிடக்கிற வளைவைப் பொறுக்கலாம். முனையிலிருந்து ஒரு அடிக்குள் வளைந்ததை வாங்க வேண்டாம், சும்மா தந்தாலும்.

அடிமரமும் கருங்காலியும்

அடிப்பக்கத்துக் கறுப்பு மரம் நல்ல கியூக்களில் கருங்காலி. எங்கள் நாட்டுக் கருங்காலிக்கு உலகத்தில் பெயர் உண்டு, இன்று அதை வெட்டுவதற்கும் விற்பதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. தன் இனத்தையே வெட்டுகிற கோடரிக்குக் காம்பாகிறது என்று ஆளைத் திட்டப் பாவிக்கிற சொல்லாகிவிட்டது, பாவம். கியூவில் அது செய்கிற வேலை நேர்மையானது: ஆஷை விடப் பாரம் கூடிய மரம், நிறையைப் பின்னுக்கு இழுக்கிறது.

கையால் ஒட்டின அடிமரத்தில் ஆஷ் தண்டு உள்ளே கடைசிவரை ஓடும். அதன் நாலு பக்கத்தையும் சரிவாகச் சீவி, எதிரெதிரே இரண்டு கருங்காலித் துண்டுகளை முதலில் ஒட்டி, மறுபடி சீவி, மற்ற இரண்டையும் ஒட்டுவார்கள். அந்த வேலையில் கறுப்பு முனைகள் நாக்கு மாதிரி வளைந்து முடியும். இயந்திரத்தால் செய்ததில் ஆஷையும் அடிமரத்தையும் ஈட்டிபோல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுவதால் முனைகள் ஊசியாக நிற்கும். ஊசிமுனை என்றால் கெட்ட கியூ என்று அர்த்தமில்லை. ஆனால் ஊசிமுனைக் கியூவைக் கைவேலை என்று சொல்லிக் கூடிய விலை கேட்டால் சிரித்துவிட்டு வெளியே வரலாம்.

கியூவைச் செங்குத்தாகத் தளர்வாகப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். உள்ளே கடகடவென்றால் ஈயப் பாரமோ திருகாணியோ தளர்ந்திருக்கிறது.

மூட்டு

முழுக்கியூவில் மூட்டே இல்லை. அதைக் காவிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், பிறகு கதைப்போம். நடுவில் பிரிகிறது பெட்டிக்கு வசதி. முக்காலில் பிரிகிறதில் மூட்டு பின்பக்கம் போய்விடுவதால் தண்டின் பெரும்பகுதி ஒரே மரமாக ஓடும். பெட்டி நீளமானாலும் நான் முக்கால் மூட்டையே சொல்வேன்.

என் முதற் கியூவை நகரத்துக்குள் ஒரு கடையில் வாங்கினேன். நாலு நிற மரக்கீற்று, பெயர் பொறித்த பெட்டி. மூன்றாம் மாதம் பலமாக ஸ்க்ரூ, அதாவது வெள்ளையைப் பின்னுக்கு இழுக்கிற அடி, அடித்தபோது மூட்டில் ஒரு சின்ன "டிக்". கடைக்குக் கொண்டுபோனால் "நீங்கள் இறுக்கிப் பூட்டேல்ல" என்றார்கள். இறுக்கினேன், அடுத்த கிழமையும் "டிக்". கடைசியில் மாக்கர் அண்ணை பிரித்துக் காட்டினார்: பித்தளைத் திருகின் ஆண்பக்கம் மரத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. வாங்குகிற அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடிய விஷயம். பூட்டினபின் மூட்டை விரலால் தடவுங்கள், படி இருக்கக் கூடாது. வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், இடைவெளியால் ஒளி வரக் கூடாது. பாதி திருகிய நிலையில் பக்கவாட்டில் அசையுங்கள். திருகு ஆடலாம், மரத்தோடு அது இணைகிற இடம் ஆடக் கூடாது.

முனை: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

டிப்பைத் தாங்குகிற வளையத்துக்கு ஃபெரூல் என்று பெயர். வழக்கமாகப் பித்தளை. இப்போது டைட்டேனியமும் வருகிறது. ஸ்னூக்கர் டிப்பின் அகலம் 9 முதல் 10 மில்லிமீட்டர், பெரும்பாலாருக்கு 9.5. பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். டிப் பந்தோடு தொட்டிருப்பது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்கு. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடுகிற அந்தத் தொடுகையில்தான் கியூவின் குணமெல்லாம் வெளியே வருகிறது.

வலது சைட் வைத்து அடிக்கிறீர்கள். பந்து சுழலத் தொடங்கும்போது கியூ முனையை வலது பக்கம் தள்ளும். முனை அசைய மறுத்தால் பந்து இடது பக்கம் தள்ளப்படும். முனை எவ்வளவு பாரமோ அவ்வளவு மறுக்கும். தொடுகை அவ்வளவு குறுகியது என்பதால் பின்னால் இருக்கிற கருங்காலிக்கும் ஈயத்துக்கும் செய்தி போய்ச் சேருமுன் பந்து போய்விடும். ஆகவே விலகலைத் தீர்மானிப்பது முன்பக்கத்துச் சிறு துண்டின் பாரம்தான். தடித்த ஃபெரூலும் அகன்ற முனையும் விலகலைக் கூட்டும், மெல்லியவை குறைக்கும்.

அதற்காக மிக மெல்லிய முனையைத் தேடி ஓடாதீர்கள். 9 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சைட் தாராளமாக ஏறும், நீங்கள் விரும்பாத சைட்டும் சேர்ந்து ஏறும். பழகுகிறவருக்கு 9.5 போதும், 10 இன்னும் மன்னிக்கும்.

அந்தப் பெடியனின் கியூவுக்கு வருவோம். நகத்தால் சுண்டியபோது நல்ல முனை "டக்" என்று இறுகிய சத்தம் தரும். அவனுடையது "சொத்" என்றது. டிப்புக்கும் ஃபெரூலுக்கும் நடுவே பசை முழுதாகப் பிடிக்கவில்லை. இவ்வளவு மர வேலைப்பாடு இருந்தும் பந்தைத் தொடுகிற தோல் மட்டும் மலிவாக இருந்தது. புதுக் கியூக்களில் இது சர்வசாதாரணம். வாங்கின உடனேயே டிப்பை மாற்றிவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

டிப் மாற்றுவது

எல்க் மாஸ்டர் மாதிரி ஒற்றைத் தோல் டிப் மென்மையானது, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று கடினம் வேறுபடும், அடிக்க அடிக்கக் காளான் மாதிரி ஓரம் விரியும். மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டியவை விலை கூட, வடிவம் நீண்டநாள் நிற்கும். தொடங்குகிறவர் மென்தோலில் தொடங்கட்டும், தோல் எப்படி வயதாகிறது என்று கைக்குத் தெரியவரும்.

மாக்கர் அண்ணை செய்வது இப்படி. பழைய டிப்பைச் சவர அலகால் ஃபெரூலோடு ஒட்டச் சீவி எடுப்பார். மீந்த பசையைச் சுரண்டி, ஃபெரூலின் முகத்தைத் தட்டையான அரத்தில் ஓரிரு தடவை தேய்ப்பார். அதற்கு மேல் இல்லை, தேய்க்கத் தேய்க்கக் கியூ குட்டையாகும். புது டிப்பின் அடியை ஒரு மரப்பலகையில் விரித்த மண்கடதாசியில் எட்டு வரைகிற மாதிரித் தேய்ப்பார். வட்டமாகத் தேய்த்தால் ஓரம் உருளும். சுப்பர் க்ளூ ஒரே சொட்டு, நடுவில். டிப்பை வைத்து அழுத்தி, ஓரத்தில் பசை நூல்போல் கசிந்தால் முழுதாகப் பிடித்தது என்று அர்த்தம். பிறகு கியூவைத் தலைகீழாக்கிப் பலகையில் ஊன்றி, நீட்டிக்கொண்டிருக்கிற தோலை அலகால் கீழ்நோக்கிச் சீவுவார். மேல்நோக்கிச் சீவினால் தோல் பிய்ந்து வரும்.

ஓரத்தை எச்சில் தொட்டுத் துணியால் சூடேறத் தேய்த்தால் தோல் இறுகிப் பளபளக்கும். மேற்பக்கத்தை அரத்தால் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வளைத்து எடுக்க வேண்டும். வளைவு எவ்வளவு என்றால், பக்கத்தில் ஒரு ரூபாக் குத்தியைப் பிடித்துப் பார்த்தால் அதன் விளிம்போடு ஏறத்தாழப் பொருந்த வேண்டும். அரை மணித்தியால வேலை. அந்தப் பெடியன் மறுபடி சுண்டினான். "டக்."

மேசையில் விசாரணை

கடையில் பார்த்ததெல்லாம் சாட்சி மட்டும், தீர்ப்பு மேசையில். வெள்ளையைப் பிறவுண் பந்து நிற்கிற புள்ளியில் வையுங்கள். நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகள் மேலாக நேரே அடித்து, எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பி உங்கள் டிப்பைத் தொட வேண்டும். நடுத்தர வேகம் போதும். பத்துத் தடவை அடித்து, பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று எண்ணுங்கள்.

இதுவரை எல்லாரும் செய்வார்கள். இதற்குப் பிறகு கியூவைக் கால்வாசி சுழற்றிப் பிடித்து இன்னும் பத்து அடியுங்கள். மறுபடி கால்வாசி, மறுபடி பத்து, இப்படி நாலு பக்கமும். எப்படிப் பிடித்தாலும் பந்து இடது பக்கமே ஒதுங்கினால் பிழை கியூவில் இல்லை, உங்கள் கையில். சுழற்றச் சுழற்ற ஒதுங்குகிற பக்கமும் மாறினால் டிப் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, அல்லது முன்தண்டு வளைந்திருக்கிறது. புதுக் கியூ வாங்க நினைக்கிற பலபேர் இந்த நாற்பது அடிகளோடு காசை மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்தது சைட். அதே பிறவுண் புள்ளியிலிருந்து கறுப்புப் புள்ளியில் வைத்த பந்தின் நடுவைக் குறிவைத்து, ஒரு டிப் அகலம் வலது சைட்டில் கொஞ்சம் பலமாக அடியுங்கள். மெதுவாக அடித்தால் கியூவின் பின்புறம் சற்று உயர்ந்திருப்பதால் பந்து வளைந்து திரும்பி வரும், விலகல் மறைந்துவிடும். கறுப்பின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தடிப்பாகப் படுகிறது என்று பாருங்கள். இடது சைட்டிலும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகினால், அளவு கொஞ்சம் கூட இருந்தாலும், அந்தக் கியூவோடு வாழலாம். பழைய பில்லியட்ஸ்காரர்கள் இதில் கண்டிப்பானவர்கள், அவர்கள் ஆட்டமே சைட்டில் ஓடுவது. 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் பட்டம் வென்ற எங்கள் லாபிரின் கதை வந்தால் மாக்கர் அண்ணை துணி துலக்குவதை நிறுத்திவிடுவார்.

கடைசியாக ஸ்க்ரூ. வெள்ளைக்கும் நீலத்துக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு, நேரான பந்தை நடுப் பொக்கெட்டில் போட்டு வெள்ளையைப் பின்னுக்கு இழுங்கள். நல்ல கியூவில் பலமாக அடித்தாலும் பின்கையில் ஒரு மெல்லிய அதிர்வு வந்து உடனே அடங்கும். கையில் விறுவிறுத்து நின்றால் மூட்டையும் ஃபெரூலையும் மறுபடி பாருங்கள்.

கொழும்புக் காற்று

இங்கே ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 வீதத்துக்கு மேல். ஏசி போட்ட கிளப்பில் மரம் காயும், வெளியே வந்ததும் ஈரம் குடிக்கும். இந்த ஏற்ற இறக்கந்தான் தண்டை வளைக்கிறது. ஆட்டம் முடிந்ததும் கியூவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியேறுங்கள். வீட்டில் சுவரில் சாய்த்து வைக்கவே வேண்டாம், அலுமாரியின் மேல் படுக்க வையுங்கள். வெயிலில் நிறுத்தின காருக்குள் விட்டால் பசையும் மரமும் சேர்ந்து பழிவாங்கும்.

கை வியர்க்கிறதென்று பவுடர் போடுவது எங்கள் பக்கத்து நோய். பவுடரும் வியர்வையும் ஆஷின் துவாரங்களில் சேர்ந்து பிசினாகும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் சூடேறத் தேய்த்தால் போதும். மண்கடதாசியைத் தண்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பும் முனையை மெலிதாக்கும், விலகல் மாறும், பழகின கண் பிழைக்கும்.

எண்ணெய் பூசுவதென்றால் லின்சீட் எண்ணெய், வருடத்தில் இரண்டு மூன்று தடவை, துணியில் நாலு சொட்டு. அது காற்றில் இறுகிப் படலமாகும். அம்மா அடுப்படியிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நீட்டுவார், மறுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் இறுகாது, தண்டு கடைசிவரை பிசுபிசுக்கும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் பித்தளை ஃபெரூல் களிம்பேறிப் பச்சையாகும், அதற்குத் தினமும் ஒரு துடைப்பு.

பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. ஏழு தடவை உலகப் பட்டம் வென்ற ஸ்டீவன் ஹென்ட்ரி சின்ன வயதிலிருந்து வைத்திருந்தது விலை குறைந்த ஒரு சாதாரணக் கியூ. 2003இல் விமானப் பயணமொன்றில் அது திருத்த முடியாதபடி உடைந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறுகிற எங்கள் பெடியன்கள் கியூப் பெட்டியைத் தலைக்கு மேல் தட்டில், பலாப்பழ மூட்டைக்குக் கீழே வைக்கிறார்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வவுனியாவில் யாராவது "இதென்ன தம்பி, துவக்கோ?" என்று கேட்பார்கள். திறந்து காட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.